தூங்கவில்லை என்றவள்

வியாழக்கிழமை, காலை மணி ஒன்பதே கால். தேன் ஜாடி காலி. ஓடீல் கரண்டியால் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். கணவரிடம் சொன்னால் நாள் முழுக்கக் கேலி செய்வார். சத்தமில்லாமல் மிராபெல் பழ ஜாமில் ஒரு கரண்டி எடுத்து, லிண்டன் பூக் கஷாயத்தில் கலக்கி, கோப்பையைப் பீங்கான் மூடியால் மூடினாள்.

கணவர் டாக்டர் அமதே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒருத்தர் தானாவே கமிஷனர்கிட்ட போறேன்னு சொல்லிடுவார், பாரு."

"யாரு? என்ன தப்பு பண்ணினாரு?"

"வைத்தியன் வாயைக் கிளறாதே. கஷாயத்தை மேஜையில வை, ஆறட்டும்."

அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

கூடத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி ஜோசெட், பூத்தையல்காரி. ஆறு மாதமாக வலது கை நடுங்கி, ஊசி பிடிக்க முடியாமல் வந்தவள். மற்றவர் மருந்துக்கடைக்காரர் திதியே. தூக்கம் வரவில்லை என்று முதல் தடவையாக வந்திருந்தார்.

"உங்க கடைச் சொட்டுமருந்துதான் எங்கம்மா குடிக்கிறாங்க. ராத்திரி இருபது சொட்டு" என்றாள் ஜோசெட்.

"இருபது இல்ல. பன்னிரண்டு."

"ஏதோ ஒண்ணு, முசியே."

"ஏதோ ஒண்ணு இல்லம்மா. பன்னிரண்டு!"

ஓடீல் வைத்திய அறை மேஜையில் கோப்பையை வைத்துவிட்டு வரும்போது, இருவரையும் உள்ளே உட்காரவைத்துப் பேசும் கணவரின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. நான்சி நகரத்தில் அந்த மனோவசிய வைத்தியப் பேச்சைப் பதினோரு வருடமாகக் கேட்கிறாள். "தூங்குங்கன்னு சொல்வேன். ஆனா இது ராத்திரித் தூக்கம் இல்ல. நான் பேசறது கேட்கும், தெருவில வண்டி போறது கேட்கும். பிடிக்காததைச் செய்யச் சொன்னா எழுந்து போயிடுவீங்க." அன்று திதியேவுக்கும் அதையே சொன்னார். அவர் காதில் வாங்கினாரா என்பது வேறு விஷயம்.

ஒன்பது நாற்பது. அமதே ஜோசெட்டின் வலது கையைத் தூக்கி அந்தரத்தில் விட்டார். "நான் வந்து இறக்கற வரைக்கும் இது இப்படியே நிக்கும்." வாசலில் தபால்காரர் கையெழுத்துக்காகக் கூப்பிட, வெளியே போனார். ஒன்பது ஐம்பதுக்குத் திரும்பினார். இரண்டு நிமிடத்தில் ஏதோ கனமாக விழுந்தது.

ஓடீல் ஓடிப்போனாள். அமதே தரையில் கிடந்தார். கோப்பை மேஜையில் இருந்தது, பாதி காலியாக. ஜோசெட்டின் கை அப்போதும் அந்தரத்தில் நின்றது. ஓடீல் அலறினாள். ஜோசெட் சட்டென்று கண் திறந்தாள், கை இறங்கியது. திதியே மட்டும் தலை தொங்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குக் கமிஷனர் கொலேன் வந்தார். கோப்பையை மூடி, ஓடீல் கையாலேயே துணியில் கட்டி வாங்கி வெளியே அனுப்பினார். பிறகுதான் திதியேவைத் தோளைப் பிடித்து உலுக்கினார். ஜோசெட்டின் ஏப்ரன் பையில் ஒரு சின்னக் குப்பி கிடைத்தது. கசப்புப் பாதாம் வாசனை, சயனைடு விஷம்.

"நீ தூங்கினியா?"

"இல்லீங்க. தூங்கவே இல்ல."

"முசியே திதியே, நீங்க?"

"செத்த பிணம் மாதிரி. ஒண்ணுமே கேட்கல, தெரியல."

கொலேன் குறிப்பேட்டை மூடினார். சந்தையில் கூடாரம் போட்டு வித்தை காட்டுகிறவன், மயங்கியவர் கன்னத்தில் ஊசி குத்தியும் அசையாததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒருவர் மயக்கத்தில் இருந்தார். இன்னொருத்தி முழித்திருந்ததாக அவளே சொல்கிறாள். குப்பியும் அவளிடம். ஜோசெட்டைக் கூட்டிப்போனார்கள். இந்தக் குற்றத்துக்குக் கழுத்துப் போகும்.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்த கையோடு, சிறையில் ஓடீல் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"கேட்டதை எல்லாம் சொல்லு. நடந்த வரிசையில."

"கோப்பை மூடி 'கிளிங்'னுச்சு மதாம். கொஞ்ச நேரத்துல என் ஏப்ரன் பையில ஏதோ விழுந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் டாக்டரோட செருப்புச் சத்தம். மறுபடி 'கிளிங்'. 'ஓ, இன்னிக்கு மிராபெல் ஜாமா!'ன்னு சிரிச்சாரு."

"முதல் தடவை மூடி திறந்தப்பவே கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாமே?"

ஜோசெட் அழுதாள். "பார்க்கணும்னு தோணல மதாம். பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி இருந்துச்சு. சுகமா இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா சத்தியமா தூங்கல!"

வைத்தியம் முடிந்து வெளியே வரும் ஒவ்வொருவரும் வாசலில் ஓடீலிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. கமிஷனர் அதைக் குற்ற ஒப்புதலாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை, காலை பதினொன்று. திதியே வாக்குமூலத்தில் கையெழுத்திட வந்தார். கமிஷனரின் அறையில் ஓடீல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். திதியே தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொன்னார்.

"என் மேலதான் தப்பு, முசியே" என்றாள் ஓடீல். "அன்னிக்குத் தேனை அள்ளிப் போட்டுட்டேன். அந்தத் தித்திப்புலதான் விஷத்தோட கசப்பு அவருக்குத் தெரியாம போச்சு."

"தேன் இல்லையே மதாம், மிராபெல் ஜாம்தானே. நீங்க மனசைப் போட்டு…"

கொலேன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஜாம்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள் ஓடீல்.

"நீங்கதான்… அன்னிக்கு அழும்போது…"

"என் புருஷன்கிட்டகூட நான் சொல்லல. மூடியைத் திறந்து பார்த்து அவரே கண்டுபிடிச்சுச் சொன்னார். அந்த அறையில இருந்தவங்க மட்டும்தான் கேட்டிருக்க முடியும்."

"வாசனையில தெரிஞ்சிருக்கலாம் இல்லையா?" என்றார் கொலேன்.

"கோப்பையை வெளியே அனுப்பின பிறகுதானே அவரை எழுப்பினீங்க? இவர் தூங்கவே இல்ல, கமிஷனர். என் புருஷன் கைவைச்ச யாரும் அப்படிக் குறட்டை விட்டதில்ல. அடுக்களையில சட்டி விழுந்தா, கண்ணை மூடிக்கிட்டே சிரிப்பாங்க. நான் அலறினதும் ஜோசெட் முழிச்சா. இவர் அசையல. சந்தை வித்தையைப் பார்த்துட்டு, அதுதான் வைத்தியம்னு நடிச்சார்."

"அந்தப் பொண்ணும் முழிச்சுத்தானே இருந்தா? தூங்கலன்னு அவளே…"

"எல்லாருமே அதைத்தான் சொல்வாங்க. ஆறு மாசமா ஊசி பிடிக்க முடியாத கை அவளோடது. நான் உள்ளே போனப்ப அந்தரத்துல நின்னுச்சு. நடுங்கவே இல்ல. அப்படி நடிக்க முடிஞ்சா அவ எதுக்கு எங்ககிட்ட வரணும்?"

கொலேன் திதியேவைப் பார்த்தார். திதியேவின் விரல்கள் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"ஒருத்தர் தானாவே என்கிட்ட வருவார்னு டாக்டர் அன்னிக்கு மதாம்கிட்ட சொன்னாராம். உங்களைத்தான் வரச் சொல்லியிருந்தாரா?" என்றார் கொலேன்.

திதியே ஒப்புக்கொண்டார். இலையுதிர்காலத் தொடக்கத்தில் ஒரு நோயாளியின் மருந்துச்சீட்டைத் தப்பாகப் படித்து, வேறு புட்டியைக் கொடுத்திருந்தார். நோயாளி இறந்துபோனார். அமதே அதைக் கண்டுபிடித்து, தானாகப் போய் ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தார். அடுத்தவர் ஒரு சொட்டு கூட்டிச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க முடியாத மனிதர், தன் தவறை மட்டும் திருத்திக்கொள்ளவில்லை.

அன்று மாலை ஜோசெட்டை விட்டார்கள். ஓடீல்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சூப் ஊற்றிக் கொடுத்தாள். சிறையில் கிழிந்த தன் சட்டைக் கையைப் பார்த்துவிட்டு ஜோசெட் ஊசி கேட்டாள்.

"இப்பவும் சொல்றேன் மதாம். எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க. நான் தூங்கவே இல்ல."

"சரிடி அம்மா" என்றாள் ஓடீல். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது.

ஜோசெட் நூலை நாக்கில் நனைத்து விளக்கருகே கொண்டுபோனாள். முதல் முயற்சியிலேயே ஊசிக்காதில் நுழைந்தது.

இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. அந்தக் கை இன்னும் நடுங்கவில்லை.