ஒரு சாண் கீழே போன தோட்டா

அமெரிக்காவின் வயோமிங்கில் மலையாட்டு வேட்டைக்கு அனுமதிச் சீட்டு ஆயுளுக்கு ஒருமுறை குலுக்கலில் விழுந்தாலே அதிர்ஷ்டம். இருபத்திரண்டு வருடம் விண்ணப்பித்து வேட் என்பவனுக்கு விழுந்தது. அவன்தான் முகம் தொங்கிப்போய் நார்மா வீட்டுக்கு வந்திருந்தான். நார்மா ஓய்வுபெற்ற வேட்டைக் காவல் அதிகாரி.

"துப்பாக்கி ஸ்கோப்புல லேசர் தூரம் 457-ன்னு காட்டுச்சு. துப்பாக்கிக் கட்டையில ஒட்டின தூரப் பட்டியலைப் பார்த்து, அதுல சொன்ன அளவு குறியை ஏத்தித்தான் சுட்டேன். தோட்டா ஒரு சாண் கீழ போயிருச்சு. நாளையோட சீசன் முடியுது, நார்மா!"

"யாரோ திருகிட்டாங்க!" என்று குதித்தார் பக்கத்து வீட்டு கிளெம். அவருக்கு எல்லாமே சதிதான்.

நார்மா ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். எண்ணுக்குப் பக்கத்தில் குட்டியாக ஓர் எழுத்து. "மீட்டர்ல கிடக்கு. உன் பட்டியல் கெஜம். ஆடு நின்னது ஐந்நூறு கெஜத்துல, நீ 457 கெஜம்னு குறி வெச்சிருக்க. துப்பாக்கி யார் கைக்குப் போச்சு?"

"கிளம்புறதுக்கு முந்தின நாள் வராந்தாவுல இருந்துச்சு. மச்சான் லைலும் கர்ட்டிஸும் வந்தாங்க."

கர்ட்டிஸ் பத்து வருடம் பட்டாளத்தில் இருந்தவன், வேடின் உயிர்த்தோழன். அவனும் இருபத்திரண்டு வருடமாக விண்ணப்பிக்கிறான். யாருக்கு விழுந்தாலும் மற்றவன் கூடப் போய்ச் சாமான் சுமக்க வேண்டும் என்பது பேச்சு. ஆனால் இந்தத் தடவை கர்ட்டிஸ் முட்டி வலி என்று போகவில்லை.

அன்று மாலையே இருவரையும் வேடின் வராந்தாவுக்கு வரவழைத்தார்கள். கிளெமும் ஒட்டிக்கொண்டார்.

"அந்தத் தண்ணித் தொட்டி எவ்வளவு தூரம் இருக்கும்?" நார்மா சாதாரணமாகக் கேட்டாள்.

"அறுநூறு இருக்கும்," என்றான் லைல்.

"ஐந்நூத்து நாப்பத்தொம்பது," என்றான் கர்ட்டிஸ், கொஞ்சம் மிதப்பாக.

"லைல் கெஜத்துல குத்துமதிப்பா சொன்னான். நீ சொன்னது மீட்டர், அதுவும் இம்மி பிசகாம; நான் முன்னமே ஸ்கோப்புல அளந்து பார்த்துட்டேன். வெறுங்கண்ணால அப்படிச் சொல்ல முடியாது, கர்ட்டிஸ். பட்டாளத்துப் பழக்கத்துல மாத்தி வெச்சுப் பார்த்திருக்க."

"நான் அப்பவே நினைச்சேன்!" என்றார் கிளெம். அவர் நினைத்தது லைலை.

கர்ட்டிஸ் தலையைக் குனிந்துகொண்டான். "ஆசையா இருந்துச்சு. ஒரு தடவை பார்த்தேன். திருப்பி வைக்க மறந்துட்டேன், சத்தியமா."

"அப்புறம் ஞாபகம் வரவே இல்லையா?"

கர்ட்டிஸ் வேடின் பக்கம் திரும்பினான். "வந்துச்சு. வேட் மலையேறுறதுக்கு முன்னாடியே வந்துச்சு. போனை எடுத்தேன்... வயித்தெரிச்சல்டா வேட். வெச்சுட்டேன்."

வேட் ஸ்கோப்பைக் கெஜத்துக்கு மாற்றினான்.

"நாளைக்கு நான் வர்றேன்டா. முட்டியில ஒண்ணுமில்ல," என்றான் கர்ட்டிஸ்.

"வேணாம்," என்றான் வேட். "லைல், காலையில நாலு மணிக்கு ரெடியா இரு."