இரண்டாவது பெயர்

காலை ஏழு மணி. திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஆராய்ச்சிக்கூடமாக இருந்த ஒரு மாடிவீட்டின் கதவைத் திறந்த யூசுப் முதல் அடியையே தண்ணீரில் வைத்தான். கூடத்துப் பழைய பிரிட்ஜிலிருந்து ஐஸ் உருகித் தரையெல்லாம் பரவியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி யாரோ கீழே போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த இன்சுலின் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

"எவன்டா இந்த வேல பண்ணவன்!" என்று கத்திக்கொண்டே நிமிர்ந்தான். அப்போதுதான் அந்த அறையின் இரும்புப் பீரோ திறந்து கிடப்பதைப் பார்த்தான். உள்ளே ஒரு துரும்பும் இல்லை.

அந்தப் பீரோவில் இருந்தது நகையோ பணமோ அல்ல, குரல்கள். டாக்டர் கலைவாணி இருபது வருடமாக ஒரே வேலையில்தான் தலையைக் கொடுத்திருந்தார். நம் ஆட்கள் பேசுகிற தமிழிலேயே அவர்களோடு பேசும் கணினி. அதற்காக ஆவடி குவார்ட்டர்ஸ், அம்பத்தூர் பட்டறை, திருமழிசைச் சந்து என்று அலைந்து ஆயிரக்கணக்கான பேரைப் பேசவைத்துப் பதிவு செய்தார். ஒவ்வொருவருக்கும் கொடுத்த வாக்கு ஒன்றுதான், குரல் இந்த அறையைத் தாண்டாது. அதனால் இணையத்தில் ஏற்றவில்லை. மூலமும் நகலும் அந்த ஒரே பீரோவில், டிஸ்க்குகளில் இருந்தன. புத்திசாலிகள் செய்யும் முட்டாள்தனத்துக்கு அளவே கிடையாது.

செய்தி பரவி, ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர் தங்கவேல், பீரங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்.

"எம் பொஞ்சாதி ராஜம்மா செத்துப் போயாச்சு. அவ குரல் உங்கிட்டதான இருந்துச்சு? எவனுக்கும்மா வித்த? நல்லாயிருப்பியா நீ?"

வாயைத் திறந்தால் கலைவாணி அழுதுவிடுவார் என்று முகத்திலேயே தெரிந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்தார் இன்ஸ்பெக்டர் வேம்புலியம்மாள். அதே ஊரில் பிறந்தவர். அவருக்குக் கணினி பிடிக்காது. கணினி படித்தவர்களை அதைவிடப் பிடிக்காது.

"பூட்ட ஒடைக்கலியே. சாவி யாராண்ட கீது?"

"அந்தப் பீரோவுக்குச் சாவி கிடையாது மேடம்" என்றான் ரகுநாதன். ஆரம்பத்திலிருந்தே கலைவாணியோடு வேலை செய்பவன். இஸ்திரி கலையாத சட்டை. "எங்க கணினிதான் அதுக்குப் பூட்டு. தினம் ஒரு புதுக் கேள்வி கேக்கும். கலைவாணி குரல்ல பதில் வந்தாதான் திறக்கும். காது அவங்க செஞ்சது, அதாவது கேட்டுப் புரிஞ்சுக்கற பகுதி. வாய் முழுக்க நான் செஞ்சது. நேத்து ராத்திரி எட்டே முக்காலுக்குத் திறந்திருக்கு. பதிவு இருக்கு, கேளுங்க."

பொத்தானைத் தட்டினான். கணினி கேட்டது. "இன்னைக்கு இன்னா சாப்ட்டீங்க?" பதில் வந்தது. "ரசம் சாதம்தான், வேறென்ன." சந்தேகமே வேண்டாம், கலைவாணியின் குரல்.

கலைவாணி முன்னால் வந்தார். "குரல் என்னோடதுதான். ஆனா நான் பேசல. நான் ஆவடியில வீட்டுல இருந்தேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. தனியாத்தான் இருக்கேன்."

"கெட்டுது போ. ரோட்ல நிக்கறவனுங்க உன்ன இப்பவே தூக்கிப் போட்டு மிதிக்க ரெடியா கீறானுங்க. இதையும் கேட்டா வேற வெனையே வேணாம்."

"மெஷின் பொய் சொல்லாது மேடம்" என்றான் ரகுநாதன். குரலில் வருத்தம் இருந்தது. கண்ணில் இல்லை. "வர்ற வாரம் எங்க ஆராய்ச்சியை எல்லார் முன்னாடியும் காட்டணும். அது ஒழுங்கா வேலை செய்யல. அவமானத்துக்குப் பயந்து டிஸ்க்கை ஒளிச்சிட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"ரகு!"

"இருபது வருஷமா உங்க கூடவே இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

வேம்புலியம்மாள் இருவரையும் பார்க்கவில்லை. ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினார். பிரிட்ஜ் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, லாரி ஏற்றம் ஏறுகிற மாதிரி உறுமத் தொடங்கியது.

"அந்தப் பேச்ச இன்னொருவாட்டி போடு."

போட்டார்கள்.

"இதுல இந்த உறுமல் இல்லியே?"

அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் ரேஷ்மா பதில் சொன்னாள். "பிரிட்ஜ் ஓடினா கணினிக்குப் பேச்சு சரியா புரியாது மேடம். மைக்கைத் தொடறதுக்கு முன்னாடி எங்க கை தானா பிளக்கைப் பிடுங்கிடும். அது பழகிப்போச்சு."

"அப்பால மறந்துட்டுப் போய்ட்டா?"

அதுவரை பொறுமையாக இருந்த யூசுப்புக்கு இப்போது தாங்கவில்லை. இங்கே வண்டி ஓட்டுவதிலிருந்து வயரிங் வரை எல்லாம் அவன்தான். "அப்டி மறந்துதான் மேடம் ஒருதபா எம் பொண்டாட்டி மருந்து பாழாச்சு. எங்கூட்டு பிரிட்ஜு ரிப்பேரு, இங்கதான் வெக்கறேன். அன்னிக்கு நான் போட்ட சண்டையில கலைவாணி மேடம் ஒரு ரூல் போட்டாங்க. பிளக்கப் புடுங்கனா வண்டிச் சாவிய பிரிட்ஜுக்குள்ள வெச்சிடணும். சாவி எடுக்க வந்துதான ஆவணும்? அப்ப பிளக்க மாட்டிடுவாங்க. அவங்க ஸ்கூட்டி சாவி வெப்பாங்க, ரகு சாரு கார் சாவி வெப்பாரு. இந்தப் பொண்ணுக்கு வண்டி இல்ல, டிரெய்ன்ல வருது. ஒத்தச் செருப்பக் கயட்டி வெக்கும்! மருந்துக்குப் பக்கத்துல செருப்பு. இன்னா சொல்றது, போங்க."

"கவர்ல போட்டுத்தான் வைப்பேன்" என்று முணுமுணுத்தாள் ரேஷ்மா.

வேம்புலியம்மாளுக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு ரகுநாதன் பக்கம் திரும்பினார்.

"நேத்து ராத்திரி நீ எங்க சார் இருந்த?"

"வானகரத்துல ஒரு ரிசப்ஷன். ஏழு மணிக்குப் போனேன், பத்தரைக்குத்தான் கிளம்பினேன். என் கார் மண்டபத்தை விட்டு நகரவே இல்ல. நுழையும்போதே சாவியைப் பார்க்கிங் பையன் வாங்கிட்டான். போகும்போதுதான் திருப்பிக் கொடுத்தான். கேட்டுக்கோங்க."

"சாவி அவனாண்டயே இருந்துச்சு?"

"ஆமா, மூணரை மணி நேரமும்."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? அவனையே கூப்பிட்டு விசாரிங்க!"

"இன்னிக்கு இங்க எதுல வந்த?"

"கார்லதான்."

வேம்புலியம்மாள் கையை நீட்டினார். "சாவியக் குடு." வாங்கிக் கூட வந்த காவலரிடம் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அதே ஈரத்தில் உட்கார்ந்தார்.

"வந்தவன் இந்த ரூம்ல பழகனவன். வெளியாளுக்கு பிரிட்ஜப் பத்தி இன்னா தெரியும்? யூசுப்பு இல்ல. அவன் பொண்டாட்டி உசுரு அதுக்குள்ள கீது, சும்மா வுட்டுட்டுப் போவ மாட்டான். அப்பால மூணு பேரு. இந்தப் பொண்ணு வந்திருந்தா செருப்ப வெச்சிருக்கும். ஒத்தச் செருப்போட ஸ்டேஷனுக்கு நடக்க முடியுமா? திரும்பி வந்து பிளக்க மாட்டியிருக்கும்."

கலைவாணியைப் பார்த்தார். "உன் வண்டிச் சாவியக் காட்டு." கலைவாணி எடுத்துக் காட்டினார். அதே வளையத்தில் வீட்டுச் சாவியும் தொங்கியது. "தனியா கீற பொம்பள. இது இல்லாம ஊட்டுக்குள்ளயே பூர முடியாது. நீ வந்திருந்தா இது உங்கையில இருந்திருக்கும், பிரிட்ஜுலயும் போயிருக்கும். பிளக்கு மாட்டியிருக்கும்."

ரகுநாதன் எழுந்தான். "இது என்ன அபத்தம்? பதிவுல இருக்கறது அவங்க குரல்!"

"வாய் முழுக்க நீ செஞ்சதுன்னு நீதான சொன்ன? அந்த வாய்க்கு இந்தம்மா குரலக் குடுக்க உனக்குத் தெரியாதா? கேள்வி வந்தா பதில நீ தட்டுவ, அது பேசும். ஆட்டோவுல வந்த, பழக்கத்துல பிளக்கப் புடுங்கின, தொறந்த. உள்ள வெக்க கையில சாவி இல்ல. அது மண்டபத்துல கீது. ஞாபகப்படுத்த ஒண்ணும் இல்ல, அப்டியே போய்ட்ட. காரு நவுரலன்னு காட்டத்தான சாவியக் குடுத்த? அதான் உன்ன மாட்டி வுட்டுச்சு."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. காவலர் கையில் மணமக்கள் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பை. ரகுநாதன் ராத்திரி அதைக் காரிலேயே விட்டிருந்தான். காலையில் கூப்பிட்ட அவசரத்தில் வேறிடம் மாற்ற நேரம் கிடைக்கவில்லை. மேலே தேங்காய், வெற்றிலை. அடியில் டிஸ்க்குகள், ஒன்று குறையாமல் இருந்தன.

கலைவாணி பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "ஏன் ரகு? கேட்டிருந்தா..."

"கேட்டா குடுத்திருப்பீங்களா? இருபது வருஷம்! ஒவ்வொரு கட்டுரையிலயும் முதல்ல உங்க பேர், ரெண்டாவது என் பேர். மேடையில நீங்க, கீழே வயர் மாட்டறது நான். இந்தக் குரல்களைக் கொண்டு வந்தா தலைமைப் பொறுப்பு தர்றேன்னு ஒரு கம்பெனிக்காரன் சொன்னான். உங்களை எனக்குப் பிடிக்கவே இல்ல. ஒரு நாள்கூடப் பிடிச்சதில்ல."

கலைவாணி அவனை வெறித்துப் பார்த்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வேம்புலியம்மாள் எழுந்து அவன் தோளைப் பிடித்துப் படிப்பக்கம் திருப்பினார்.

"அந்தக் கவலய வுடு. இப்ப ஸ்டேஷன்ல போடப் போற எஃப்.ஐ.ஆர்ல உன் பேருதான் மொதல்ல வரும். ரெண்டாவது பேரே கெடையாது."

கீழே தங்கவேல் இன்னும் நின்றுகொண்டிருந்தார், ராஜம்மாவின் குரலுக்காக.