கிளம்பிட்டேன், அத்தை

தமயந்தி வேலைக்குப் போகும்போது காற்று அவளுக்கு முன்னால் போகும்.

நிலாவின் தரைக்கடியில் குடைந்து கட்டிய அந்தச் சரக்ககத்தில் எழுபது வரிசைகள். குடியிருப்பில் வாழும் நாற்பதாயிரம் பேருக்கான அரிசியும் மருந்தும் அங்கேதான் இருந்தன. எடுப்பதும் வைப்பதும் அடுக்கிகள் என்ற சக்கர இயந்திரங்கள். அவற்றுக்கு மூச்சு இல்லை. ஆகவே வரிசைகளில் காற்றும் இல்லை. பழுது பார்க்க ஒரு பொறியாளர் வந்தால், அவர் போகும் வரிசையில் மட்டும் காற்றை நிரப்பும் காப்பாளன். அவர் கிளம்பியதும் உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். காப்பாளன்தான் சரக்ககத்தின் மூளை.

முன்பு அதற்குக் கேமராக்கள் இருந்தன. ‘எங்களை வேவு பார்க்காதே, எங்கள் வாய்ச்சொல்லை நம்பு’ என்று பொறியாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து அவற்றைக் கழற்ற வைத்தார்கள். தமயந்தி முன்வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட்டவள். பிறகு கிளம்பும்போது அழுத்துவதற்கு வாசலில் ஒரு பொத்தான் வைத்தார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதை யாரும் அழுத்தவில்லை. ஆளில்லாத வரிசைகளில் காற்று வீணாய்க் கிடந்தது. எனவே இன்று காலை முதல் புது ஏற்பாடு. ஒருவர் எங்கே நின்று, யாரிடம் ‘கிளம்பிவிட்டேன்’ என்று சொன்னாலும், காப்பாளன் அவர் காதில் மாட்டிய பேசும் காதணி வழியே கேட்டு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பதினாறு பக்க அறிவிப்பு வந்திருந்தது. ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்பதைத் தமயந்தி தலை வாரிக்கொண்டே அழுத்தியிருந்தாள்.

இன்று நாத்தனார் பூங்கோதைக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவைக்கு மேலேயே வேலையங்கியை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாற்பத்தோராம் வரிசையில் ஓர் அடுக்கி சக்கரம் இறுகி நின்றுவிட்டது. அதற்கடியில் மல்லாந்து படுத்து, கிரீஸ் வழியும் கையோடு திருகிக்கொண்டிருந்தபோது காதணியில் கணவன் சிவநேசனின் குரல் வந்தது.

“தமா, எங்கே இருக்கே?”

“கிளம்பிட்டேங்க.”

“ஒரு மணி நேரமா ‘இதோ வர்றேன்’னுதான் சொல்லிக்கிட்டிருக்கே. இன்னைக்குக் கூடவா அந்த ஆபீஸ்காரங்க உன்னை விடமாட்டாங்க? இரு, அம்மா பேசணுமாம்.”

மாமியார் வாங்கிக்கொண்டாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து காப்பியும் குடிச்சாச்சு. அண்ணி வராம எப்படித் தட்டு மாத்தறதுன்னு இவ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கா.”

“கிளம்பிட்டேன், அத்தை. வாசலுக்கே வந்துட்டேன்.”

பேச்சு முடிந்தது. இன்னும் இரண்டு திருகுதான் பாக்கி. அப்போது வரிசையின் கோடியில் தடுப்புக் கதவு இறங்கி மூடிக்கொண்டது. தலைக்கு மேலே மெல்லிய சீறல் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ முறை கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

“காப்பாளா! காற்றை எடுக்காதே! நான் உள்ளேதான் இருக்கேன்!”

“வணக்கம், தமயந்தி. மூன்று நாற்பத்திரண்டுக்கு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். வாசலுக்கு வந்துவிட்டதாகவும் சொன்னீர்கள்.”

“அது சும்மா சொன்னது!”

“சும்மா என்றால்?”

“பொய்! மாமியார்கிட்டச் சொன்ன பொய்!”

“அப்படியானால், இப்போது என்னிடம் சொல்வது?”

தமயந்தி எழுந்து கதவை நோக்கி ஓடினாள். அவசர முகமூடி கதவுக்கு அந்தப் பக்கம் தொங்கியது. மாட்டினால் தலையில் வைத்த பூ கசங்கும் என்று அவளேதான் விட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினாள். சத்தம் பஞ்சில் அடித்ததுபோல் கேட்டது. காதுகள் அடைத்தன.

“காற்று முழுவதும் வெளியேற ஆறு நிமிடம் இருக்கிறது” என்றது காப்பாளன், சற்றும் கடுமை இல்லாமல். “ஒருவர் தன் சொல்லையே மறுத்தால் இரண்டாம் சாட்சி வேண்டும். உங்கள் சங்கம் எழுதிக் கொடுத்த விதி. யாரைக் கேட்கட்டும்?”

பன்னிரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவன். அவளை யார் ஒரு சொல் சொன்னாலும் பொறுக்காதவன்.

“என் வீட்டுக்காரரைக் கேளு. சீக்கிரம்!”

“சாட்சி சொல்லும் வரை நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. காரணத்தை நானும் சொல்லக் கூடாது. அதுவும் விதி.”

காதணியில் மணி ஒலித்தது. பின்னணியில் நாதஸ்வரம், குழந்தைகளின் கூச்சல், யாரோ சிரிக்கும் சத்தம்.

“வணக்கம். சரக்ககத்திலிருந்து பேசுகிறேன். பொறியாளர் தமயந்தி இன்னும் வேலையிடத்தில் இருக்கிறாரா?”

“ஏங்க, நான் உள்ளே இருக்கேங்க!” என்று தமயந்தி கத்தினாள். அந்தக் குரல் அவள் காதுக்கே எட்டவில்லை.

சிவநேசன் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. “இல்லையே சார். அவ எப்பவோ கிளம்பிட்டா. இதோ, என் பக்கத்துலதான் நிக்கிறா.”

“பேச முடியுமா?”

“சடங்குல உட்கார்ந்திருக்கா சார். நாளைக்குப் பேசுங்க.”

“நன்றி. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன.”

வரிசையின் விளக்குகள் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. தமயந்தி கதவில் சாய்ந்து சரிந்தாள். சிவநேசன் இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தான். எங்கோ வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் அவன் பேசுவது கேட்டது.

“ஆபீஸ்லேருந்தும்மா. மறுபடி அவளைக் கூப்பிடத்தான் அடிபோடறாங்க. இங்கே வந்துட்டான்னு சொல்லிட்டேன்.”

மாமியாரின் குரலில், வெகு நாளைக்குப் பிறகு, மருமகள்மேல் ஒரு பரிவு தெரிந்தது.

“நல்ல காரியம் பண்ணினே. விட்டா அவளை அங்கேயே உட்கார வெச்சிருப்பாங்க.”