பதினெட்டு ரிவெட்டுகள்

சாப்பாட்டு மேசையில் விமானத்தின் சுக்கான் கிடந்தது. டோஸ்ட் தட்டை வைக்க இடமில்லாமல் நோரீன் அதை மடியில் வைத்துக்கொண்டு தின்றாள். ஏழு வருஷமாக இந்த வீட்டில் இதே கூத்துதான். கார் நிற்க வேண்டிய கொட்டகையில், வீட்டிலேயே கட்டும் விமானம். கார் மரத்தடியில் காக்கட்டூ கிளிகளின் எச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தது.

"பத்து மணிக்கு விமானத்தைச் சோதிக்க ஆய்வாளர் வர்றாரு. டீயோட கொடுக்க ஸ்கோன் சுட்டியா?" என்றான் அவள் கணவன் டெஸ்மண்ட்.

"ஏன், ஸ்கோன் தின்னாத்தான் உன் விமானம் பறக்குமா?"

"காலங்காத்தால வாயைப் பாத்தியாடா!" மாமியார் எனிட் கைத்தடியைத் தட்டினாள். "புருஷன் ஆசைப்பட்டது ஒரே ஒரு விஷயம்... அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறா!"

நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் செய்த விமானம் அது? வெளியிலிருந்து அவன் காற்றுச் சுத்தியலால், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க, குறுகிய வாலுக்குள் ஊர்ந்துபோய், மல்லாந்து படுத்து, மறுமுனையில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்தவள் அவள். ஆஸ்திரேலியாவின் டப்போ ஊர்க் கோடையில் அந்த அலுமினியக் கூடு அடுப்பாய்க் கொதிக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்பெக்யூவில் எல்லோரும் தட்டிக்கொடுப்பது டெஸ்மண்டின் முதுகை மட்டும்!

கொட்டகையில் ஆய்வாளர் கோல்பர்ன் டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக வாலுக்குள் தலையை விட்டார். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

"அடிப்பக்கம் பதினெட்டு ரிவெட் சாஞ்சிருக்கு. இதோட பறக்க விட மாட்டேன். உள்ள பிடிச்சது யாரு?"

டெஸ்மண்ட் தரையைப் பார்த்தான். "உள்ள பிடிக்கறது... எப்பவும் நோரீன்தான்."

"நெனச்சேன்!" என்றாள் எனிட். "மனசு வேணும் எதுக்கும்!"

நோரீன் டெஸ்மண்டை முறைத்தாள்.

ஆய்வாளர் தலையை ஆட்டினார். "இல்லீங்க. மத்ததெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. அது உள்ள படுத்துப் பிடிச்ச கை. இது யாரோ வெளிய நின்னு, ஓட்டை வழியா கையை விட்டுப் பிடிச்சிருக்காங்க. உங்க பதிவுப் புத்தகத்துல இந்த வேலை ஜனவரி மூணாவது வாரம்னு எழுதியிருக்கே?"

கைத்தடிச் சத்தம் நின்றது.

"ஜனவரியா?" என்றாள் எனிட். "அப்பதானே எனக்கு சிட்னியில இடுப்பு ஆபரேஷன்? ரெண்டு வாரம் என் பக்கத்துலயே கெடந்து மூத்திரத் தட்டு மாத்துனவ இவடா! அப்போ இங்க பிடிச்சது யாரு? சொல்லு!"

"தம்பி மெர்வ்... அவன் தொப்பை உள்ள போகல. அவசரத்துல..."

"உன்னைப் பெத்தவளைப் பாத்துக்கப் போனவ தலையில பழியைப் போடறியே... வெக்கமா இல்ல?" எனிட் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நானும் சேந்து குத்திட்டேனேம்மா..."

"மன்னிச்சிடு நோரீன்..." என்றான் டெஸ்மண்ட்.

"ஏழு வருஷம்!" அவள் குரல் உடைந்தது. "ஒரு தடவை... ஒரே ஒரு தடவை என் பேரை யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா? தப்புன்னதும் மட்டும் சொல்ல வருது, இல்ல?"

ஆய்வாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவினார்.

நோரீன் கண்ணைத் துடைத்தாள். காற்றுச் சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

"பதினெட்டையும் துளைச்சு எடு. அப்புறம் நீ உள்ள படு. நான் அடிக்கறேன்."

"நானா? எனக்கு உள்ள..."

"உனக்கு மெர்வ் தொப்பை இல்ல. படு!"

மதியத்திற்குள் பழைய ரிவெட்டுகளெல்லாம் கழன்றன. டெஸ்மண்ட் முனகிக்கொண்டே ஊர்ந்தான். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் விசையை அழுத்தினாள். கூடு முழுவதும் அதிர்ந்தது. உள்ளே "ஐயோ, காது!" என்று ஓர் அலறல்.

"இதுக்குள்ளயா..." அவன் குரல் தழுதழுத்தது. "இதுக்குள்ளயா நோரீன் இத்தனை நாள் கெடந்தே?"

"கட்டியை நேரா பிடி," என்றாள் அவள். "இன்னும் பதினேழு இருக்கு."