முள் மட்டும் மிச்சம்

"வீ...ல்!"

இன்ஷிராஹ் ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை பார்த்த அலறல். எகிப்தின் ராஸ் எல்-பர் கடற்கரையே திரும்பிப் பார்த்தது!

குடைக்குக் கீழே, சாய்வு நாற்காலியில் அவள் புருஷன் பய்யூமி. காலையில் தந்தா நகரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது எல்லோருக்கும் பூசணி விதை கொடுத்தவன்...

இப்போது பிணம்.

"ஃபெசீக்கா?" என்றது கூட்டம், விதையைக் கொறித்தபடியே.

"ஃபெசீக்கேதான்!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

வசந்தத் திருநாளில் அந்த ஊறின உப்பு மீனைத் தின்று யாராவது சாவது வருஷா வருஷம் நடப்பதுதானே? யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பிளாஸ்கில் மிச்சமிருந்த புதினா டீயை அவள் அப்போதே கடலில் கொட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் அவனுக்கு ரெண்டாம் கல்யாணமாமே... பண்ணிக்கட்டும், சொர்க்கத்தில்!

போலீஸ் அதிகாரி ஷௌக்கத் தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிணத்தின் விரல்களை முகர்ந்தார்.

"சோப்பு வாசனைதான் வருது, ஹாஜ்ஜா. காலையில நான் ஒரு துண்டு தின்னேன். எலுமிச்சம்பழம் தேய்ச்சும் கை இன்னும் நாறுது!"

"நான்தான் ஊட்டிவிட்டேன், போலீஸ் பாஷா! முள்ளெடுத்து, இந்தக் கையால... முழு மீன்!"

"நீங்க சாப்பிடல?"

"ஒரு துணுக்குகூட இல்ல. மனுஷன் ஆசையாத் தின்னாரேன்னு விட்டுட்டேன்."

அடடா, என்ன பாசம்!

"எங்க வாங்கினீங்க?"

"பஸ் ஸ்டாண்டு மூலைக் கடை."

ஷௌக்கத்தின் போன் அலறியது.

"சொல்லு... பஸ் ஸ்டாண்டு கடை மீனா? ம்... சரி, புரியுது." வைத்தார். முகம் இருண்டிருந்தது.

"அந்தக் கடை மீனைத் தின்னவங்களுக்கு முதல்ல எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுமாம். அப்புறம் நாக்கு இழுக்குமாம். உடனே ஊசி போட்டாத்தான் உயிர் தங்கும். நல்லவேளை... நீங்க தொடல!"

இன்ஷிராஹ்வின் கண் தட்டிலிருந்த முள்ளுக்குப் போனது. பய்யூமி டீ குடித்துச் சாய்ந்த பிறகு, சாட்சிக்கு முள்ளாவது வேண்டுமே என்று முழு மீனையும் உள்ளே தள்ளியது அவள்தானே!

கண்ணைக் கசக்கிப் பார்த்தாள்.

ஐயோ... அதிகாரிக்கு ரெண்டு தொப்பை!

"பாஷா... ஊசி!"

"செத்தவருக்கு எதுக்கு ஊசி?"

"எனக்கு! மீனைத் தின்னது நான்! அவரு தொடவே இல்ல!"

"அப்ப அவரு எதுல செத்தாரு?"

"டீயில! எலி மருந்து! ஊசியப் போடுங்க பாஷா...!"

ஷௌக்கத் நிதானமாகக் கைவிலங்கை மாட்டினார்.

"பயப்படாதீங்க ஹாஜ்ஜா, மீன் ஒண்ணும் பண்ணாது. போன்ல பேசினது என் பொண்டாட்டி. அதே கடையில இன்னொண்ணு வாங்கிட்டு வரச் சொன்னா!"