பின்சீட்டுச் சத்தம்

முதல் நாள், அதை மகள்தான் செய்கிறாள் என்று காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் நினைத்துக்கொண்டாள். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம். கெட்டி மிட்டாயை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டும்போது பல்லில் பட்டுக் கேட்குமே, அந்தக் கடகட.

"பள்ளிக்கூடம் போற நேரத்துல என்னடி மிட்டாய்?"

மகள் வாயை ஆவென்று திறந்து காட்டினாள். "வாயில பல்லுதாம்மா இருக்கு."

அந்தக் கார்தான் அவளுடைய பிழைப்பு. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் பொழுது சாயும்வரை வாடகைக்கு ஓட்டுவாள். ஒரு திருகாணி தளர்ந்தாலும் அவள் காதுக்குத் தப்பாது. மகள் இறங்கிப் போன பிறகும் அந்தச் சத்தம் கூடவே வந்தது. ஏறியவர்கள் முகம் சுளித்தார்கள். பெரியவர் ஒருவர், "கொஞ்சம் வாய மூடிட்டு மெல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டேவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

டிக்கியைக் காலி செய்தாள். ஜாக்கியைத் துணியில் சுற்றினாள், ஸ்டெப்னியை இறுக்கினாள், பெல்ட் கொக்கிகளுக்கு நடுவே பஞ்சை அடைத்தாள். சத்தம் குறையவில்லை, ஈரமானதுதான் மிச்சம். கடகடவுக்கு இடையில் இப்போது ஒரு சளப்பும் கேட்டது. கூடவே நாற்றம். பல் விளக்காத எவனோ முகத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சுவிடுவதுபோல் புளித்த, வெதுவெதுப்பான நாற்றம். வாசனை டப்பா ஒன்றை வாங்கி மாட்டினாள். அதன் மல்லிகையும் இந்தப் புளிப்பும் சேர்ந்து தொண்டைவரை குமட்ட, தலையை வெளியே நீட்டாத குறையாக ஓட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் மகளை வீட்டு வாசலில் இறக்கியபோது, பின்னலின் நுனி நனைந்து கூராக ஒட்டிக் கிடந்தது. ரிப்பனைக் காணோம்.

"முடிய வாயில வைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"நான் வைக்கலம்மா. சீட்டுல சாஞ்சுதான் இருந்தேன்."

நுனியைத் தொட்டாள். விரலுக்கும் முடிக்கும் நடுவே வழவழவென்று நூல் இழுத்தது. மகளின் தலையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தன் விரல்களை அதைவிட அதிகமாக.

மறுநாள் மகளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போனாள். தெருவே அவரைக் காதண்ணன் என்றுதான் கூப்பிடும். ஒரு ரப்பர் குழாயைக் காதில் செருகிக்கொண்டு எந்த வண்டியின் முனகலையும் பிடித்துவிடுவார். கதவுகளின் உள்பலகைகளைக் கழற்றினார். கூரைத் துணியைத் தட்டிப் பார்த்தார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார்.

"எலி ஏதாவது செத்துக் கிடக்குமா அண்ணே?"

"செத்த எலி சத்தம் போடாது தங்கச்சி." சிரித்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஓடும்போதுதான் கேக்குதுன்னா ஓடும்போதுதான் பிடிக்கணும். நீ ஓட்டு. நான் பின்னால படுத்துக் கேக்கறேன்."

நல்ல வெயில். பட்டறைக்குப் பின்னால் குண்டும் குழியுமான ஆளில்லாப் பாதையில் மெதுவாக விட்டாள். கடகட. சளப். சீட்டும் சாய்மானமும் சேரும் இடுக்கில் குழாயின் முனையை நகர்த்திக்கொண்டே வந்தார் காதண்ணன்.

"இங்கதான். உள்ள என்னமோ மாட்டிட்டிருக்கு. இரு, கைய விட்டுப் பாக்கறேன்."

"வேணாண்ணே. சீட்டக் கழட்டிரலாம்."

"இதோ, எட்டிருச்சு."

சத்தம் நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு குழியில் விட்டுப் பார்த்தாள். சத்தமில்லை. இன்னொரு குழி. இல்லை.

"கெடச்சுதா அண்ணே?"

பதிலுக்கு வேறு ஏதோ கேட்டது. மெல்லிய, பொறுமையான ஓர் உறிஞ்சல்.

பிரேக்கை மிதித்தாள். எஞ்சினை அணைத்தாள்.

உறிஞ்சல் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். காதண்ணன் கன்னத்தைச் சீட்டில் பதித்துக் கிடந்தார். வலது கை முழங்கைவரை இடுக்குக்குள் இருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன.

"அண்ணே! கைய எடுங்க!"

தூக்கம் கலைந்தவர்போல விழித்தார். இழுத்தார். ஈரமான எதுவோ மனசில்லாமல் விட்டுக்கொடுக்கும் ஒலியோடு கை வெளியே வந்தது.

வெளுத்து ஊறியிருந்தது. ரேகை இல்லை. நகம் இல்லை. விரல்கள் நுனியை நோக்கிக் கரைந்து, மெலிந்து, வழவழவென்று மின்னின. ஒரு பொட்டு ரத்தமில்லை. எச்சில் மட்டும் கயிறுகயிறாய் வடிந்தது.

அவள் இறங்கி ஓடி, பாதையோரத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தாள். அந்த மூச்சு அவள் முகத்தில் அடித்தது.

"எறங்குங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். எறங்குங்க."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கல தங்கச்சி," என்றார் மெதுவாக. "உள்ள கதகதன்னு இருக்கு."

அந்தக் கையை மறுபடியும் இடுக்குக்குள் விட்டார். முழங்கைவரை. தோள்வரை. சாய்மானம் சற்று விலகி இடம்கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மிச்சமிருந்த கையால் தன் பக்கத்துச் சீட்டைத் தட்டித் தட்டி, அவளையும் வந்து உட்காரச் சொன்னார்.