ஏழாவது பிரதிநிதியின் பிணம்

போன் அலறியது.

லுட்லோ கவுண்டியின் டிடெக்டிவ் டோலரெஸ் பாவ்லிக் ரிசீவரை எடுத்தாள். காலை எட்டரை மணி. மறு கையில் பாதி கடித்த டோனட்.

"டோலி... உடனே வா! பிரதிநிதிகள் கூடத்துல ஒரு பிணம்!"

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓப்பல் டிபெட்ஸின் குரல். அறுபத்தெட்டு வயது. நாக்குக்கு மட்டும் இருபது.

"அங்க சுவர்ல ஏற்கெனவே ஆறு பிணம் தொங்குதே ஓப்பல்!"

"இது தரையில கிடக்குது!"

"யாரு?"

"ஏழாவது!"

டோனட் கீழே விழுந்தது.

எங்கள் தொகுதியிலிருந்து வாஷிங்டனுக்குப் போன அத்தனை பிரதிநிதிகளின் படங்களும் பழைய தபாலாபீஸ் கட்டடத்தில் வரிசையாக மாட்டியிருக்கும். பென்சில்வேனியாவின் இந்த மூலையில் பெருமைப்பட வேறு எதுவும் மிச்சமில்லை. எஃகு ஆலை மூடி இருபது வருடமாகிறது.

எல்வுட் ஸ்ட்ரேக் தன் படத்துக்குக் கீழேயே மல்லாந்து கிடந்தார். அறுபத்தொன்பது வயது. பதினான்கு வருடமாகப் பதவியில் இருந்தவர். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில், முதல் பிரதிநிதி கர்னல் ஆம்ப்ளரின் வெண்கலத் தலை ரத்தத்தில் உருண்டு கிடந்தது.

"தொண்ணூறு வருஷமா இந்தத் தலை சும்மா உக்காந்திருந்துச்சு," ஓப்பல் மூக்கை உறிஞ்சினாள். "கர்னல் உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான். இப்பத்தான் முதல் தடவையா ஒரு வேலை பாத்திருக்கு."

"ஓப்பல்! நேத்து சாயங்காலம் இங்க என்ன நடந்தது?"

"தேர்தல் விவாதம். இவரும் ராய் கிம்ஸியும் நேருக்கு நேர். ஆறு மணிக்கு எல்லாரும் கலைஞ்சாச்சு. தன் படத்துக்கு வெளிச்சம் பத்தலைன்னு இவர் மட்டும் நின்னு பாத்துக்கிட்டிருந்தார். சாவியைக் குடுத்துட்டு நான் கிளம்பிட்டேன்."

"விவாதத்துல சண்டையா?"

ஓப்பல் தயங்கினாள்.

"ராய்தான்... 'இந்தத் தடவை உன்னை ஒழிச்சுக் கட்டாம விடமாட்டேன்'னு கத்தினான். அம்பது பேர் கேட்டாங்க!"

தேர்தலுக்கு இன்னும் பதினேழே நாள்!

ராய் கிம்ஸி யாரென்று ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். ஸ்ட்ரேக்கிடம் நாலு தடவை தோற்றவன். இது ஐந்தாவது.

அரசு வழக்கறிஞர் போனில் குதித்தார்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? சாயங்காலத்துக்குள்ள கிம்ஸியைப் பிடிச்சு உள்ள தள்ளு!"

"கைரேகை கூட இல்லை சார். எவனோ கையுறை போட்டிருக்கான்."

"ஊரே அவன்தான்னு சொல்லுது. அது போதாதா?"

கிம்ஸியின் வீட்டை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு ஒரு தடவை தொகுதி எல்லையைத் திருத்துகிறோம் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் பேனாவை எடுப்பார்கள். எங்கள் தொகுதியைத் தும்மிக்கொண்டே வரைந்திருக்க வேண்டும். அப்படி ஒரு கோணல்! போன தடவை கோடு கிம்ஸியின் படுக்கையறைக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவே போனது; படுக்கையறை தொகுதிக்கு வெளியே விழுந்தது. வெளியூர்க்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவன் கார் ஷெட்டுக்குக் குடிமாறினான்.

அங்கேதான் டோலரெஸ் அவனைப் பிடித்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு.

"ஏன்டா ராய்... ஒழிச்சுக் கட்டுவேன்னு கத்தினியாமே?"

"நாலு தேர்தலாக் கத்தறேன் டோலி! அவன் நல்லாத்தானே இருந்தான்!"

"ஆறு மணிக்கு மேல எங்க இருந்தே?"

"இங்கதான். தனியா."

"சாட்சி?"

"தோத்தவன் வீட்டுக்கு எவன் வருவான்?"

"அவர் செத்தா உனக்குத்தானேடா லாபம்!"

கிம்ஸி சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"லாபமா? நம்ம தொகுதி வரலாறு தெரியாதா உனக்கு? மூணாவது பிரதிநிதி லஞ்சம் வாங்கி ஜெயிலுக்குப் போனான். உள்ள இருந்துக்கிட்டே நின்னு ஜெயிச்சான்! நாலாவது ஆளு தேர்தலுக்கு இருபது நாள் முன்னாடி மாரடைப்புல போயிட்டான். ஓட்டுச்சீட்டு அச்சடிச்சாச்சு. பேரை எடுக்க முடியல. என்ன ஆச்சு?"

"பிணம் ஜெயிச்சுது."

"உயிரோட இருந்தப்ப வாங்கினதை விட எட்டாயிரம் ஓட்டு ஜாஸ்தி! அப்புறம் இடைத்தேர்தல்ல அவன் பொண்டாட்டிக்கு சீட்டு. இருபத்திரெண்டு வருஷம் அந்த அம்மாவை அசைக்க முடியல!"

டோலரெஸ் குறிப்பேட்டை மூடினாள்.

"இந்தத் தடவையும் ஓட்டுச்சீட்டு போன மாசமே அச்சாயிடுச்சு. கருத்துக் கணிப்புல நான் ரெண்டு புள்ளி முன்னாடி இருந்தேன் டோலி... வாழ்க்கையில முதல் தடவையா! உயிரோட இருந்த ஸ்ட்ரேக்கை ஜெயிச்சிருப்பேன். செத்த ஸ்ட்ரேக்கை யாரால ஜெயிக்க முடியும்? அவன் சாகக் கூடாதுன்னு இந்த ஊர்லயே வேண்டிக்கிட்ட ஒரே ஆள் நான்தான்!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பார்க்கவே பாவமாக இருந்தது.

டோலரெஸ் அரசு வழக்கறிஞரிடம் கெஞ்சி ஒரு வாரம் வாங்கினாள். ஒரே ஒரு வாரம்! அதற்குள் வேறு ஆள் சிக்காவிட்டால் கிம்ஸிக்கு ஆயுள் முழுக்கக் கம்பிதான்.

நான்காம் நாள் அடக்கம் நடந்தது. ஸ்ட்ரேக்கின் மனைவி லூசில் கறுப்பு உடையில் தேம்பினாள். டிவி கேமராக்கள் அந்தத் தேம்பலை மூன்று கோணத்தில் எடுத்தன.

ஐந்தாம் நாள் காலை கிம்ஸி போன் செய்தான்.

"டோலி... உன் வாசல்ல போய்ப் பாரு!"

தெரு முழுக்க வீட்டுக்கு வீடு புல்தரையில் பலகைகள்! ஸ்ட்ரேக்கின் படம். பக்கத்தில் லூசிலின் படம்.

'எல்வுட்டுக்கே ஓட்டு... லூசில் தொடர்வார்!'

"பாத்தேன். அதுக்கென்ன?"

"கீழ் மூலையில தொழிலாளர் யூனியன் முத்திரை இருக்கா?"

"இருக்கு. பொடியா."

"அது இல்லாத பலகையை நம்ம ஊர் பழைய எஃகுத் தொழிலாளி எவனாவது வாசல்ல நட விடுவானா? பிடுங்கி அடுப்புல வைப்பான்! அந்த முத்திரை போடற அச்சகம் இந்தக் கவுண்டியிலயே ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சு தேர்தலா அங்க நடையா நடக்கறேன் நான். கால்ல விழுந்தாலும் பத்து நாளுக்குக் கம்மியா குடுக்க மாட்டாங்க. ஸ்ட்ரேக் செத்து இன்னியோட அஞ்சு நாள்தானே ஆகுது?"

டோலரெஸ் போனை வைத்தாள்.

அச்சகத்துக்குப் பறந்தாள். ஆர்டர் சீட்டு கிடைத்தது. ஆயிரத்து இருநூறு பலகைகள். ஆர்டர் கொடுத்த தேதி, சாவுக்கு ஆறு நாள் முன்னால்!

கையெழுத்து... லூசில் ஸ்ட்ரேக்.

கொலை நடந்த அன்று மாலை லூசில் சர்ச் சமையலறையில் பெண்களோடு பியரோகிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருந்தாள். டோலரெஸ் அங்கேயும் போனாள்.

"நடுவுல முக்கால் மணி நேரம் காணோம்," என்றாள் ஒரு அம்மாள். "வெண்ணெய் வாங்கப் போறேன்னா. வெண்ணெயும் வரல. எங்க அடுப்புக் கையுறையையும் காணோம்!"

கையுறை லூசிலின் கார் டிக்கியில், மிச்சப் பலகைகளுக்கு அடியில் கிடந்தது. ரத்தக் கறையோடு!

"ஆளு சாகறதுக்கு முன்னாடியே அனுதாபப் பலகையா மேடம்?"

லூசில் அலட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம் அந்த ஆளுக்குப் பேச்சு எழுதிக் குடுத்தேன். மேடையில பின்னாடி நின்னு சிரிச்சேன். கணிப்பு வந்த அன்னிக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'தோத்தா தோத்துட்டுப் போறேன் லூசி, நிம்மதியா மீன் பிடிக்கலாம்'னார்! அவருக்கு மீன்... எனக்கு?"

"அதுக்காகக் கொலையா?"

"உயிரோட இருந்தா ரெண்டு புள்ளி பின்னாடி. செத்தா பத்து புள்ளி முன்னாடி. நீயா இருந்தா என்னம்மா பண்ணுவே?"

டோலரெஸ் விலங்கை மாட்டினாள்.

கிம்ஸி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"உயிரைக் காப்பாத்திட்டே டோலி! இனி நான்தான் எட்டாவது பிரதிநிதி!"

நவம்பரில் தேர்தல் நடந்தது. செத்த ஸ்ட்ரேக் ஐம்பத்தெட்டு சதவீத ஓட்டு வாங்கி அமோகமாக ஜெயித்தார். பாவம், பொண்டாட்டி கையாலேயே போய்ச் சேர்ந்த மனுஷன் என்று ஊர் அள்ளிப் போட்டது.

"பரவாயில்ல," என்றான் கிம்ஸி. "இடைத்தேர்தல் வருதே. அதுல யாரு நிப்பா?"

ஸ்ட்ரேக்கின் கட்சிக் கமிட்டி கூடியது. தொகுதியின் வழக்கம் என்ன? விதவைக்குத்தான் சீட்டு! ஜெயிலில் இருந்தால் என்ன? தேர்தலில் நிற்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழக்கு விசாரணையோ ஜூன் மாதம்தான்.

டோலரெஸ் ஓட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையில் இரண்டு கிழவர்கள்.

"கொலைகாரிக்கா ஓட்டுப் போடப் போறே?"

"பின்னே? ஸ்ட்ரேக் பதினாலு வருஷத்துல ஒரு காரியத்தையாவது முடிச்சானா? இந்தம்மா ஆரம்பிச்சதை முடிச்சுக் காட்டியிருக்கா!"

"எதிர்ல நிக்கறவன்?"

"கிம்ஸியா? அவன் மேல சொன்ன கொலையைக்கூட அவன் பண்ணலையாம்!"

பிப்ரவரியில் முடிவு வந்தது. லூசில் ஸ்ட்ரேக், பதினோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி! ஜெயில் வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது.

டோலரெஸ் கார் ஷெட்டுக்குப் போனாள். கிம்ஸி ஓட்டுக் கணக்கை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ராய்... என் மேல கோபமா?"

"நீ நல்லவ டோலி. ஆனா ஒரே ஒரு தப்பு பண்ணிட்டே."

"என்னடா?"

"அன்னிக்கு சாயங்காலமே என்னை உள்ள தள்ளியிருந்தா... நான் ஜெயிச்சிருப்பேன்!"